கடல் வற்றும் நேரம்

கூட்டுறவுக் கடையில் என் பில் மேசைக்குப் பின்னால்
மூன்று காகிதங்கள் ஒட்டியிருக்கின்றன:
ஷிப்ட் அட்டவணை,
பாக்கி வைத்தவர்களின் பெயர்கள்,
கடல் வற்றும் நேரம்.
முதலாவதை மேலாளர் ரெஜான் எழுதுகிறார்.
இரண்டாவதை நான்.
மூன்றாவதில் யாரிடமும் சொல்லி
எதையும் மாற்றிவிட முடியாது.

நேற்று பதினொன்று ஐம்பது.
இன்று பன்னிரண்டு நாற்பது.
நாளை ஒன்றரை.
பூமி ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள்
நிலா கொஞ்சம் தள்ளிப் போய்விடுகிறது.
எட்டிப் பிடிக்க இன்னும் ஐம்பது நிமிடம்
சுழல வேண்டியிருக்கிறது.
ஆகவே கடலின் நாள் வேறு, கடையின் நாள் வேறு.
இரண்டும் என் சாப்பாட்டு இடைவேளையில்
வந்து முட்டிக்கொள்வது எப்போதாவதுதான்.
இன்று முட்டிக்கொண்டன.

மார்ச் மாதம். ஹட்சன் நீரிணைக் கரை.
பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள்.
மைனஸ் இருபத்தேழு.
ஸ்னோமொபைலை அணைக்காமல் நிற்கிறான் புத்துலிக்.
நவம்பரில்
துப்பாக்கிகளையும் காப்பிக் கெண்டியையும் எடுத்துக்கொண்டு
என் வீட்டிலிருந்து போனவன்.
கடல் நன்றாக வற்றுகிற நாளில் மட்டும் வருகிறான்.
கூப்பிடுவதில்லை. ஹாரன் அடிப்பதில்லை.
இந்தப் பனியை அவனளவு தெரிந்தவர்கள்
ஊரில் வேறு இருவர்;
ஒருவருக்கு முழங்கால் போய்விட்டது,
இன்னொருவருக்கும் எனக்கும் பேச்சு இல்லை.

கடப்பாரையால் துளை போட்டான்.
இடுப்பில் வாளியைக் கட்டி இறங்கினேன்.

பத்து மீட்டர் தண்ணீர் போயே போய்விட்டது.
அதன் மேல் மிதந்த பனி
கரைக்கும் பாறைக்கும் நடுவே
கூரையாகத் தொங்குகிறது, பச்சை வெளிச்சத்தோடு.
தாங்கிக்கொண்டிருந்த தண்ணீர்
இந்நேரம் வேறெங்கோ
யாருடைய துறைமுகத்திலோ
யாருடைய படகையோ தூக்கிவிட்டுக்கொண்டிருக்கும்.
பாசி வாடை. உப்பு.
ஹெட்லாம்ப் வட்டத்துக்குள்
கறுப்பு கறுப்பாக மட்டிகள்.
நிலா ஏறக்குறைய என் பாதத்துக்கு நேர் கீழே,
பூமியின் அந்தப் பக்கத்தில்.
அங்கிருந்து என் மதியச் சாப்பாட்டைத்
திறந்து வைத்திருக்கிறது.

அரைமணி ஆனதும் மூன்று தட்டு.
அதுதான் பேச்சு.

வாளி பாதி.
வாளி முக்கால்.
தட்டவில்லை.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே
நூல்போல ஒரு தண்ணீர் வந்தது.
சத்தமில்லாமல் என் பூட்ஸைச் சுற்றிக்கொண்டு
முன்னால் போனது.
தலைக்கு மேலே கூரை முனகியது,
தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப்போல.

“புத்துலிக்!”

நவம்பருக்குப் பிறகு
அந்தப் பெயரை நான் சொன்னதில்லை.
வீட்டில் சுவரிடம்கூடச் சொன்னதில்லை.
பனிக்கடியில் அது ஒருமுறை மோதித் திரும்பி
என்னிடமே வந்தது.
துளையில் வெளிச்சம் மறைந்து
ஒரு கை இறங்கியது, கையுறை இல்லாமல்.

குளிரில் போன் செத்துவிட்டது என்றான்.
தோராயமாக எண்ணிக்கொண்டிருந்தேன் என்றான்.
எங்கே விட்டாய் என்று கேட்டேன்.
எண்ணூற்றுச் சொச்சம்.
எண்ணூற்றுச் சொச்சத்தில்
வேறு யோசனை வந்துவிட்டது என்றான்.
என்ன யோசனை என்று நான் கேட்கவில்லை.
பனியில் உட்கார்ந்து ஆளுக்கு நான்கு மட்டியைப்
பச்சையாகவே தின்றோம்.
எங்களுக்குக் கீழே
கடல் தன் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது,
கதவைத் தட்டாமல்.

கடைக்குப் பன்னிரண்டு நிமிடத் தாமதம்.
ரெஜான் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.
காரணம் என்றொரு கட்டம் இருக்கிறது.
நிலா என்று எழுதுங்கள் என்றேன்.
சூரியனுக்கும் பங்கு உண்டு,
பாதிக்குக் கொஞ்சம் குறைவாக.
இரண்டும் ஒரே கோட்டில் நின்று இழுத்தால்தான்
கடல் இவ்வளவு தூரம் போகும்.
அவர் என் ஈரக் கால்சட்டையைப் பார்த்தார்.
மேசையில் வைத்த மட்டிப் பையைப் பார்த்தார்.
வெளியே இன்னும் அணையாத ஸ்னோமொபைலைப் பார்த்தார்.
‘சொந்தக் காரணம்’ என்று எழுதினார்.

நான் திருத்தவில்லை.
நாளை ஒன்றரைக்குப் பில் மேசையில் யார் என்று
அட்டவணையைத் திரும்பிப் பார்த்தேன்.